வாடை வருதுன்னு ஒரு போன்

போன மாதம் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்க்க கேஸ் ஏஜென்சியிலிருந்து பாபு வந்திருந்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே மூத்த மெக்கானிக் அவன்தான். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, ஆனாலும் என்னைக் கண்டால் இன்னும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பான். சோப்பு நுரை தடவிப் பார்த்தான், டியூபை வளைத்துப் பார்த்தான், ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினான். எங்கேயும் கசிவு இல்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, ஒரு டவுட்டு. வயசானவங்க சிலபேர் சும்மா சும்மா கூப்டுகினே கீறாங்க. போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது. புள்ளைங்க நம்மளப் புடிச்சுக்கறாங்க. ‘இனிமே இவங்கள தனியா வுடலாமா, முதியோர் இல்லத்துல சேத்துடலாமா’ன்னு. நம்ம இன்னா டாக்டரா? எப்டிண்ணே கண்டுபுடிக்கறது?"

தெரியாது என்று சொன்னால் நம்பமாட்டான். தெரியும் என்று சொன்னால் பச்சைப் பொய். "அப்புறம் சொல்றேன் போ" என்று அனுப்பிவிட்டேன். அந்த அப்புறம்தான் இது. படித்து முடித்த பிறகு அவனுக்குத் தெளிவு வந்தால் தயவுசெய்து எனக்கும் வந்து சொல்லட்டும்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். பத்தாவதில் கணக்கு காலை வாரிவிட்டதும், சைக்கிளில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் மிதித்தேன். முதுகு போன பிறகு அடுப்பு வேலை கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் பேசவே மாட்டார், ஸ்பேனரைத் தப்பாகப் பிடித்தால் மண்டையில் ஒரு தட்டு விழும். என் படிப்பு அவ்வளவுதான்.

மீதியைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் முதலாளியம்மா. கணவர் இறந்ததும், இவளால் முடியுமா என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தபோது, வந்து கல்லாவில் உட்கார்ந்தவர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. நாங்கள் மேடம் என்போம். குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தாலும் கவலை வந்தாலும் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் கப்சிப்.

காலையில் ஏஜென்சி ஷட்டரைத் தூக்கியதும் அவர் செய்யும் முதல் வேலை, எதிர் மொட்டை மாடியில் காயும் துணியைப் பார்ப்பது. புடவைகள் கடல் பக்கமாகப் பறந்தால் காற்று மணலியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். அன்றைக்கு எங்கள் போனுக்கு ஓய்வே இருக்காது. ஆலைப் புகையை மோந்துவிட்டுத் தெருத்தெருவாக எல்லாரும் கேஸ் லீக் என்று கூப்பிடுவார்கள். அதற்காக மேடம் ஒரு கேள்வி வைத்திருந்தார். "வாசலுக்கு வந்து மோந்து பாருங்க. வாடை உள்ளே ஜாஸ்தியா, வெளியே ஜாஸ்தியா?" வெளியே என்றால் மணலி. உள்ளே என்றால் நான் கிளம்ப வேண்டும்.

எனக்கும் அவர் சில சட்டங்கள் போட்டிருந்தார். கசிவு என்று கூப்பிட்ட வீட்டில் காலிங் பெல்லை அழுத்தக்கூடாது, அதில் பொறி பறக்கும், கையால்தான் கதவைத் தட்ட வேண்டும். வேலை முடிந்ததும் நானே அடுப்பைப் பற்றவைத்துக் காட்டிவிட்டு வரக்கூடாது. வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவர்கள் என் கண் முன்னால் பற்றவைத்து, அணைத்து, ரெகுலேட்டரையும் மூட வேண்டும். "அவங்க மூடறதைப் பாக்காம நீ படியிறங்கக் கூடாது ஏழுமலை" என்பார்.

இந்தக் கடைசிச் சட்டத்தால்தான் வம்பில் மாட்டினேன். ஒருவர் அடுப்பைப் பற்றவைப்பதைப் பார்த்தால் அவரைப் பற்றி நிறையத் தெரிந்துவிடுகிறது. திருவொற்றியூரில் ஒரு பெரியவர், துறைமுகத்தில் பெரிய ஃபோர்மேனாக இருந்தவர். லைட்டரைக் கையில் கொடுத்துப் பற்றவையுங்கள் ஐயா என்றேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போய், குழாய்க்கு நேராக நீட்டி, டிக் டிக் என்று அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் மகள் பின்னால் நின்று பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதமே அவருக்குத் துணையாக ஆள் வைத்துவிட்டார்கள். இப்படித் தெளிவாகத் தெரிந்துவிட்டால் மெக்கானிக்குக்குக் குழப்பமே கிடையாது.

பிலோமினா அம்மா விஷயம் அப்படி இல்லை. தொண்ணூறுகளின் கடைசி. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால், கீழே மளிகைக் கடை, மேலே அவருடைய ஓர் அறையும் அடுக்களையும். கணவர் ரயில்வேயில் இருந்து இறந்தவர். ஒரே மகன் சேவியர், எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அங்கேயே ஒற்றை அறை வீட்டில் மனைவி, பிள்ளைகளோடு இருந்தார்.

அந்த அம்மா கீழ்க்கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து கூப்பிடுவார். "கேஸ் வாடை வருதும்மா, ஆள அனுப்பு." மேடம் வழக்கம்போலக் கேட்பார், உள்ளே ஜாஸ்தியா, வெளியே ஜாஸ்தியா என்று. ரிசீவரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்கும். பிறகு பதில் வரும். "ரெண்டு பக்கமும் கீதும்மா."

நான் போவேன். நுரை தடவுவேன். ஒரு குமிழிகூட வராது. அந்த அம்மா என் பின்னாலேயே வருவார். "இங்க மோந்து பாரு நைனா. சிலிண்டருக்குப் பின்னால மோந்து பாரு. அந்த மூலைல?" நான் மோந்து பார்க்கும்போது அவர் அடுப்பைப் பார்க்கமாட்டார், என் முகத்தையே பார்ப்பார். ஒன்றுமில்லை அம்மா என்று சொன்னதும் பெரிய மூச்சு விடுவார். பற்றவைக்கச் சொன்னால் ஒரே அழுத்தில் பற்றவைப்பார், அணைப்பார், ரெகுலேட்டரை மூடுவார். கை நடுங்காது, வரிசை தவறாது. என் பெண்டாட்டியே அவ்வளவு சுத்தமாகச் செய்யமாட்டாள்.

கிளம்பும்போது டீ கொடுப்பார். ஒருநாள் முறத்தில் மீனை எடுத்துவந்து நீட்டினார். "இது நல்லா கீதா பாரு, கெட்டுப்போச்சா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காசிமேட்டு மீனைத் தின்று வளர்ந்த ராயபுரத்து அம்மா, கேஸ்காரனிடம் போய் மீன் கெட்டுவிட்டதா என்று கேட்கிறாரே! "ஃபர்ஸ்ட் கிளாஸா கீதும்மா" என்றேன். நானாவது அப்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம். யாருக்குத் தோன்றும் அதெல்லாம்?

வாரம் தவறாமல் இதே கூத்து. சேவியருக்குப் பொறுக்கவில்லை. ஷிப்டு முடிந்த கையோடு ஏஜென்சிக்கு வந்துவிட்டார். முகமெல்லாம் கரி.

"இன்னாண்ணே இது பேஜாரு? கடக்காரர் எனக்குப் போன் பண்ணி, ‘உங்கம்மா இன்னிக்கும் கேஸ்காரங்கள கூப்டாங்க’ன்றார். நெசமா லீக்காவுதா, இல்ல எங்கம்மாவுக்கு மண்டைல ஏதாவதா? மாதவரம் பக்கம் சிஸ்டருங்க ஒரு இல்லம் நடத்துறாங்க. சேத்துடலாமான்னு பாக்குறேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"லீக் இல்லப்பா. ஆனா அவங்க பத்த வெக்கறத பாத்தா மண்டைல ஒண்ணும் இருக்கறாப்புல தெர்ல" என்றேன்.

"அப்ப ஏண்ணே வாடை வருது வாடை வருதுன்றாங்க?"

 அவர் தலையைச் சொறிந்தார், நானும் சொறிந்தேன்.

அதற்குப் பிறகு பிலோமினா அம்மாவின் போன் நின்றுவிட்டது. மாதங்கள் போயின. சேவியர் ஒரு நாள் பேரீச்சம்பழ கேக்கோடு வந்தார். "அம்மா இப்ப சூப்பரா கீறாங்கண்ணே. போனே பண்றது இல்ல. இல்லமும் வாணாம், ஒண்ணும் வாணாம்." எனக்கும் சந்தோஷம்தான், கேக்கைச் சாப்பிட்டேன். மேடம் மட்டும் கண்ணாடியைக் கழற்றினார். சேவியர் போன பிறகு, "அந்தப் பக்கம் வேலை இருந்தா அந்தம்மாவை ஒரு எட்டு பாத்துட்டு வா" என்றார். ஏன் என்று கேட்டேன். "மனசு ஒப்பல. திடீர்னு எப்படிச் சரியாகும்?" என்றார்.

அன்றைக்கு எதிர்மாடித் துணி ஊர்ப்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. கடல் காற்று, மணலி வாடை வர வழியில்லை. ராயபுரத்துக்குப் போய் அந்த வீட்டின் படியில் கால் வைத்ததும் கேஸ் வாடை எனக்கு மூக்கில் அடித்தது. கேஸ் காற்றைவிடக் கனம், மேலே போகாது, படியிறங்கி வரும். கீழ்ப்படியில் மளிகைக்காரரின் பிள்ளைகள் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தன. கடையில் சாமி படத்துக்கு முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, வாடை வர்லியா?" என்று கத்தினேன்.

"வருதுப்பா. அரை மணி நேரமா நாறுது. இந்த மணலிக்காரனுங்க திருந்தமாட்டானுங்க" என்றார் அவர், துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே.

ஊதுவத்தியைத் தண்ணீரில் முக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைத் தெருவுக்கு விரட்டினேன். மேலே ஓடினேன். பெல்லை அழுத்தாமல் கதவைத் தட்டினேன். "பிலோமினா அம்மா, ஸ்விட்சு எதையும் தொடாதீங்க, கதவை மட்டும் தொறங்க!"

கையெல்லாம் இறால் ஓட்டோடு வந்து திறந்தார். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. "இன்னா நைனா, இன்னிக்கு நான் கூப்டலியே?"

உள்ளே வாடை தாங்க முடியவில்லை. ரெகுலேட்டரை மூடினேன், ஜன்னல்களைத் திறந்தேன், அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கீழே அழைத்து வந்தேன். அடுப்பில் நடந்ததைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பால் பொங்கி வழிந்து சுடரை அணைத்திருக்கிறது. அவர் பின்பக்க வராந்தாவில் இறால் உரித்துக்கொண்டிருந்திருக்கிறார். பால் பொங்கி வழியாத வீடு உண்டா? ஆனால் எந்த வீட்டிலும் அடுத்த நிமிஷம் யாராவது வாடை பிடித்து ஓடிவருவார்கள்.

மாதா கோயில் சுற்றுச்சுவர் நிழலில் அவரை உட்காரவைத்தேன். கையில் ஒட்டியிருந்த இறால் ஓட்டை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார்.

"மூக்கு செத்து ரொம்ப நாளாச்சு நைனா. ஒரு தபா சொரம் வந்துச்சு, அதோட போச்சு. கோயில்ல சாம்பிராணி போடறாங்க, பொகை கண்ணுல எரியுது, வாசனை வர்ல. மீனு கெட்டுதா இல்லியான்னு தெரில."

"அப்ப ஏம்மா வாடை வருதுன்னு போன் பண்ணீங்க?"

"வாடை வருதுன்னா நீ வருவே. வந்து மோந்து பாப்பே. எனக்கு மூக்கு இல்ல, கொஞ்சம் வந்து மோந்துட்டுப் போன்னு சொன்னா எவன் வருவான்?"

 சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அத்தனை மாதமும் அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தது இதற்காகத்தான். சேவியர் புத்தி கெட்டுப்போனதன் அடையாளம் என்று பயந்ததுதான், அவர் முழுப் புத்தியோடு செய்த காரியம்.

"அப்புறம் ஏன் நிறுத்துனீங்க?"

"இன்னொரு தபா கூப்ட்டே, நேரா இல்லந்தான்னு சேவியர் சொல்லிட்டான். அவங்கிட்ட சொல்லிடாத நைனா. மாதா மேல ஆணையா கேக்குறேன். இது அவங்கப்பா இருந்த வூடு."

நான் சத்தியம் செய்யவில்லை, மறுக்கவும் இல்லை. ஏஜென்சிக்கு வந்து மேடத்திடம் கொட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"கீழ சின்னப் பசங்க இருக்காங்க. மறைக்க முடியாது ஏழுமலை. ஆனா அந்தம்மாவுக்குப் புத்தி சரியில்லன்னு மட்டும் சொல்லிடாதே. நடந்ததைச் சொல்லு."

"அப்புறம் அவங்க மகன் என்ன செய்யணும்னு கேட்டா?"

"எனக்கும் தெரியலையே" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சேவியரிடம் சொன்னேன். அவர் ஏஜென்சி வாசலிலேயே ஒரு காலி சிலிண்டர் மேல் உட்கார்ந்துவிட்டார். முதலில், "அப்ப எங்கம்மா பைத்தியம் இல்லியா?" என்று முகம் மலர்ந்தது. அப்புறம் கண் கலங்கியது. "நாந்தானண்ணே அவங்கள போன் பண்ணவுடாம பண்ணேன்." அப்புறம் கோபம் வந்தது. "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? நான் இன்னா வேத்தாளா?" கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப சொல்லுங்கண்ணே. வுடலாமா, வாணாமா?"

என்ன சொல்வேன்? கண் தெரிகிறது, காது கேட்கிறது, கணக்குச் சொல்கிறார், மூக்கு மட்டும் இல்லை. அதற்காக ஒருவரை வீட்டைவிட்டு அனுப்புவார்களா? சரி, அனுப்ப வேண்டாம் என்றால், அந்தப் படியில் பல்லாங்குழி ஆடிய பிள்ளைகள்? மூக்கு உள்ளவர்கள் பக்கத்திலிருந்தால் போதும் என்று சொல்லலாமா? கடையில் இருந்த அத்தனை பேருக்கும் மூக்கு இருந்ததே! மணலி என்று விட்டுவிட்டார்களே! "எனக்குத் தெர்லப்பா" என்று உண்மையைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

முதலில் சிலிண்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். மளிகைக்காரர் வீட்டிலிருந்து வேளாவேளைக்குச் சாப்பாடு போனது. எல்லாருக்கும் நிம்மதி, அந்த அம்மாவைத் தவிர. போகிறபோது எட்டிப் பார்ப்பேன். தட்டு மூடியபடியே இருக்கும். அடுப்பு இருந்த மேடையைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். "அடுப்பு இல்லாத வூட்ல நான் இன்னாத்துக்கு நைனா குந்திகினு கீறேன்?" என்றார் ஒரு நாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அங்கே இருந்தபோது, மகனிடம் அவரே கேட்டார்.

"அந்த இல்லத்துல அடுப்பு கீதா?"

"பெரிய அடுப்பே கீதும்மா."

"மூக்கு கீறவங்க யாராச்சும் பக்கத்துல இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"அப்ப போலாம்" என்று எழுந்து புடவையை மடிக்க ஆரம்பித்துவிட்டார். சேவியர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். நான் அடுப்பு இல்லாத அந்த மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு முறை வேறு வேலையாக மாதவரம் போனபோது இல்லத்துக்குள் நுழைந்தேன். நான்கைந்து பெண்களோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, விறுவிறு என்று சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். "மோந்து பாரு." மோந்தேன். "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"நல்லா கீறீங்களாம்மா?"

"கீறேன். வூட்டுக்கு வேற ஆளு வந்துட்டாங்களாமே. பால் காய்ச்சுனாங்களா?"

புதுக்குடித்தனம் பால் காய்ச்சியபோது நான்தான் இணைப்பு கொடுத்தேன். "காய்ச்சுனாங்கம்மா."

"பொங்குச்சா?"

"நல்லா பொங்குச்சும்மா."

தலையை ஆட்டிவிட்டுப் பூண்டு உரிக்கப் போய்விட்டார். அங்கே சேர்த்தது நல்லதா கெட்டதா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். நுரை வைத்துப் பார்க்கிற விஷயமா அது? இன்றுவரை தெரியவில்லை. மேடமும் போய்விட்டார், இனிக் கேட்கவும் ஆள் இல்லை.

பாபு, நீ கேட்டதற்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போ. கூப்பிடுவதை நிறுத்தியவர்கள் வீட்டுக்குக் கட்டாயம் போ. அதற்குமேல் பிள்ளைகளிடம் எப்போது, என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். பகலில் என் டீயை நானே போட்டுக்கொள்வேன். தீபாவளிக்கு முன்பு ஒரு காலை, நான் அடுப்படியிலேயே பேப்பர் பார்த்துக்கொண்டு நின்றேன். மருமகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். "இன்னா மாமா, பால் தீஞ்சு தெருவே நாறுது, உங்களுக்கு வாடை வர்லியா?" சிரித்துச் சமாளித்தேன். அவள் போன பிறகு சோப்பை மோந்தேன், அவள் தலையிலிருந்து விழுந்த மல்லியை மோந்தேன். கடைசியில் டியூபைக் கழற்றி மூக்கருகே வைத்து ரெகுலேட்டரைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். எனக்குச் சோறு போட்ட மூக்கு. ஒன்றும் வரவில்லை.

போன மாதம் நீ படியிறங்கும்போது, அன்று லீவில் இருந்த என் மகன் உன்னை நிறுத்திக் கேட்டது என் காதில் விழுந்தது. "எங்கப்பா அடிக்கடி உங்கள கூப்டறாரே, நல்லாத்தான கீறாரு?" நீ என்ன பதில் சொன்னாய் என்று மட்டும் கேட்கவில்லை.

இன்று காலையும் ஏஜென்சிக்குப் போன் செய்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண் எடுத்தாள். மேடம் போனாலும் அவர் கேள்வி அங்கேயே இருக்கிறது.

"வாடை உள்ளே ஜாஸ்தியா சார், வெளியே ஜாஸ்தியா?"

வாசலுக்குப் போய் மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தேன். திரும்பி வந்து போனை எடுத்தேன்.

"ரெண்டு பக்கமும் கீதும்மா" என்றேன்.